ஊழியத்தில் சலிப்பு வந்தவர்களுக்கு: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

ஞாயிறு பாடசாலையில் படிப்பிக்கிறவர், பாடகர் குழுவில் நிற்பவர், வாலிபர் ஐக்கியத்தை இழுத்துக்கொண்டு போகிறவர், பங்கில் கணக்குக் கொப்பி வைத்திருப்பவர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். சேர்ச்சை விட்டுப் போனவர்களுக்கான வழி வேறு. இது ஒவ்வொரு வாரமும் போய், கொடுத்த வேலையையும் செய்துகொண்டு, உள்ளே ஒன்றுமே அசையாமல் இருப்பவர்களுக்கு.

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் இப்படிப்பட்டவர்களோடு நெடுநாள் இருந்து பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவானது. பெரும்பாலானோர் செய்கிற காரியங்கள் சரிதான், வரிசைதான் தலைகீழ். ஆர்வம் குறைந்ததும் முழு இரவு ஜெபத்துக்குப் பெயர் கொடுப்பார்கள். அல்லது வான் பிடித்து ஒரு பெரிய எழுப்புதல் கூட்டத்துக்குப் போவார்கள். வந்த சூட்டோடு இரண்டு புதுப் பொறுப்பை ஏற்பார்கள். கொஞ்ச நாள் ஓடும். பிறகு முன்பைவிட மோசமாக விழுவார்கள், "நான் உண்மையில் விசுவாசிதானா" என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். அடுப்பில் சாம்பலை அள்ளாமல் ஊதினால் தணல் பிடிக்காது, கண்தான் எரியும்.

வரிசைக்கு நான் பார்ப்பது எலியாவைத்தான் (1 இராஜாக்கள் 19, கத்தோலிக்க வேதாகமத்தில் 1 அரசர்கள்). "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டவனுக்கு யாரும் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்க விட்டார்கள். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கிடைத்தது. மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. நீண்ட நடை. மனதில் கிடந்ததைக் கொட்டும்படி ஒரு கேள்வி, அதுவும் இரண்டு தரம். அதற்குப் பிறகுதான் புது வேலை, கூட எலிசா என்ற துணை. கீழே வரும் படிகளும் ஏறத்தாழ அப்படித்தான் போகும்.

1. தொடங்க முன் வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு வெறும் கொப்பி. போனில் எழுத வேண்டாம். எழுதத் திறந்த கை வாட்ஸ்அப்புக்குப் போய்விடும்.

நீங்கள் சொல்வதைக் கேட்க ஓர் ஆள். அவர் உங்கள் குழுவில் இருப்பவராகவோ உங்களுக்கு மேலே பொறுப்பில் இருப்பவராகவோ இருக்கக் கூடாது. ஏனென்றால் அவருக்கு உங்கள் சோர்வு ஒரு நிர்வாகப் பிரச்சினை: அடுத்த ஞாயிறு யார் பாடுவது என்றுதான் மனம் ஓடும். பக்கத்துச் சபையில் இருக்கும் வயதான அக்கா ஒருவர், இளைப்பாறிய ஆசிரியர், வேறு பங்கில் இருக்கும் சிஸ்டர், யாரும் ஆகலாம். வாயை மூடிக்கொள்ளத் தெரிந்தவரா என்பதை மட்டும் நன்றாகப் பாருங்கள். நமது ஊர்கள் சின்னவை.

காலமும் முக்கியம். மார்கழியில் தொடங்காதீர்கள். கரோல் சுற்று, ஒளிவிழா, நத்தார் நாடகம், மாரி மழை எல்லாம் ஒன்றாக வரும். ஓய்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வேளாண்மை செய்யும் குடும்பம் என்றால் வெட்டுக் காலத்தையும் தள்ளி வையுங்கள். அது முடிந்து, உயிர்த்த ஞாயிறுக்கு முன் வரும் தபசு காலம் பொருத்தமானது. சபையே அந்த நாற்பது நாட்களில் கொஞ்சம் அமைதியாக இருக்கும், நீங்கள் ஒதுங்கி நிற்பதும் கண்ணில் குத்தாது.

2. எது வற்றியது என்று பிரித்துப் பாருங்கள்

"எனக்கு விசுவாசம் குறைந்துபோச்சு" என்று வருபவர்களில் பலருக்குக் குறைந்தது விசுவாசம் அல்ல. அதனால் மருந்து தேட முன் கொப்பியில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: யாருக்கும் உங்களைத் தெரியாத ஒரு சேர்ச்சில், ஒரு பொறுப்பும் இல்லாமல், கடைசி வாங்கில் போய் உட்கார விருப்பமா?

"ஓம், அப்படியென்றால் நாளைக்கே போவேன்" என்று மனம் சொன்னால், கடவுளோடு உங்களுக்குப் பிரச்சினை இல்லை. வேலையோடு அல்லது ஆட்களோடுதான். உங்களுக்கு 3ஆம், 4ஆம் படிகள் பெரியவை. "அங்கேயும் போக மனமில்லை" என்றால் 5ஆம் படியில் நேரம் எடுங்கள்.

சிலருக்கு வேலையே வெறுமையாகிவிட்டிருக்கும். ஞாயிறு காலை ரியூசன் வகுப்பு வந்த பிறகு ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகள் குறைந்த இடங்கள் எத்தனையோ. சாதாரண தரப் பரீட்சை வருடம் என்றால் ஒருவருமே இல்லை. வெறும் வாங்குகளைப் பார்த்துப் பார்த்து ஆசிரியருக்கு மனம் விட்டுப்போகிறது. பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து உங்கள் ஆவிக்குரிய நிலையை அளக்காதீர்கள். வகுப்பை சனி மாலைக்கு மாற்றிப் பார்க்க வேண்டிய விசயத்துக்கு உபவாசம் இருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் இந்தப் படியிலேயே பார்த்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் சரியில்லை, சாப்பாட்டில் மனமில்லை, சேர்ச் மட்டுமல்ல முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லை, செத்தால் பரவாயில்லை என்ற எண்ணம் வருகிறது என்றால் இந்த வழிகாட்டியை மூடி வைத்துவிட்டு வைத்தியரைப் பாருங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் அவரிடம் நீரிழிவுக் குளிசையைப் பற்றிக் கேளுங்கள். ஜெபிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ஜெபத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வைத்தியரைத் தள்ளிப்போடாதீர்கள்.

3. உடம்புக்கு முதலிடம்

பொறுப்பில் இருப்பவருக்கு ஞாயிறு ஓய்வு நாள் இல்லை. விடியப் போய்க் கதவு திறந்து, ஆராதனை, வகுப்பு, கூட்டம், மத்தியான வெயிலில் வீடு, பின்னேரம் வாலிபர் கூட்டம், இரவு வீட்டு ஜெபம். திங்கள் காலை வழக்கம்போல வேலை. இதில் ஓய்வு எங்கே?

வாரத்தில் வேறு ஓர் அரை நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் சபை வேலை எதுவும் இல்லை, சபை வாட்ஸ்அப் குழுவும் இல்லை. தூங்குங்கள். கல்லடிக் கடற்கரையிலோ வாவிக்கரையிலோ நடங்கள். பிள்ளைகளோடு இருந்து சாப்பிடுங்கள். முதல் மூன்று வாரம் இதை மட்டும் செய்யுங்கள், புதிதாக ஜெப நேரம் எதையும் சேர்க்காதீர்கள். களைத்த உடம்போடு முழங்கால் போட்டால் தூக்கம்தான் வரும். பிறகு அந்தத் தூக்கத்துக்கும் சேர்த்துக் குற்ற உணர்வு.

இதைச் சொன்னதும் "ஊழியத்தில் ஓய்வு கேட்பது சுயநலம் இல்லையா" என்பார்கள். சாப்பிடவும் நேரமில்லாத சீஷர்களைத் தனியிடத்துக்குப் போய்ச் சற்றே இளைப்பாறும்படி கூப்பிட்டவர் இயேசுதான் (மாற்கு 6:31). அங்கே போய் இறங்க முன்னமே கூட்டம் வந்து நின்றதும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. அதனால் உங்கள் அரை நாளையும் யாராவது குழப்புவார்கள். அடுத்த வாரம் திரும்ப எடுங்கள்.

4. ஒரு பொறுப்பை இறக்கி வையுங்கள், எல்லாவற்றையும் அல்ல

இங்கே இரண்டு பிழை நடக்கிறது. ஒன்று, எதையும் விடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு போவது. மற்றது, ஒரு கூட்டத்தில் வாய்த்தர்க்கம் வந்ததும் சாவியையும் கணக்குக் கொப்பியையும் மேசையில் எறிந்துவிட்டு வருவது. இரண்டாவதில் இருந்து திரும்புவது மிகக் கடினம். போனவருக்கும் வெட்கம், இருப்பவர்களுக்கும் கோபம்.

மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரியை நெடுங்காலம் நடத்தியவர்கள் இயேசு சபைக் குருக்கள். அவர்களுடைய நிறுவுனர் புனித இஞ்ஞாசியார் கொடுத்த ஒரு விதி எந்தச் சபைக்காரருக்கும் உதவும்: மனம் வறண்டிருக்கும் நேரத்தில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. அதாவது சபையை விடுவது, ஊழியத்தை முற்றாகத் துறப்பது, வேறு சபைக்குத் தாவுவது போன்ற பெரிய முடிவுகளை இந்தக் காலத்தில் எடுக்க வேண்டாம். பாரத்தைக் குறைப்பது வேறு, பாதையை மாற்றுவது வேறு.

எதை இறக்குவது? உங்கள் பொறுப்புகளை எல்லாம் எழுதி, எதை நினைத்தாலே சனிக்கிழமை இரவு வயிறு கலங்குகிறதோ அதை. ஆராதனைக்கு வருவதை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். வெறுமையாக இருந்தாலும் போய் உட்காருங்கள். மற்றவர்கள் பாடுவதைக் கேளுங்கள்.

ஐயாவிடமோ பாதரிடமோ ஆராதனை முடிந்து வாசலில் வைத்துச் சொல்லாதீர்கள். வார நாளில் நேரம் கேட்டுப் போய், முடிவுத் திகதியோடு சொல்லுங்கள். இப்படி:

"ஐயா, நான் சபையை விட்டுப் போகவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு வருவேன். வகுப்பையும் பார்க்கிறேன். பாடகர் குழுவை மட்டும் உயிர்த்த ஞாயிறு வரைக்கும் இறக்கி வைக்க விடுங்கள். அதற்குப் பிறகு வந்து உங்களோடு கதைக்கிறேன்."

திகதி சொல்வது ஏன்? சொல்லாவிட்டால் அவர் உங்களை இழந்துவிட்டோம் என்று பயப்படுவார். அடுத்த வாரமே ஆள் அனுப்புவார். அது உங்களுக்கு நெருக்கடி. மறுத்தால் யாத்திராகமம் 18ஐ நினைவூட்டலாம்: காலை முதல் மாலை வரை தனியாக வழக்குத் தீர்த்த மோசேக்கு, பொறுப்பைப் பிரித்துக் கொடு என்று சொன்னவர் மாமனார். லேவியர்கூட ஐம்பது வயதில் பணியை விட்டுச் சகோதரருக்கு உதவியாளராக மட்டும் நின்றார்கள் (எண்ணாகமம் 8).

சந்தையில் கேட்பவர்களுக்கும் ஒரு பதிலை ஆயத்தமாக வையுங்கள். "என்ன மனே, கொயரில காணல்ல?" என்று நிச்சயம் கேட்பார்கள். "உயிர்த்த ஞாயிறு மட்டும் கொஞ்சம் ஆறுறன் அம்மா" போதும். விளக்கம் சொல்லத் தொடங்கினால் அது பின்னேரத்துக்குள் வேறு கதையாகிவிடும்.

5. சொல்லாமல் வைத்திருப்பதைச் சொல்லுங்கள்

அவசரப்படாமல் போக வேண்டிய படி இது. வெளியூர் வழிகாட்டிகள் நமக்குப் பொருந்தாமல் போவதும் இங்கேதான். நமது மாவட்டங்களில் வறட்சியின் அடியில் பல தடவை ஒரு துக்கம் கிடக்கிறது.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள். கல்லடி, நாவலடி தொடக்கம் காரைதீவு, திருக்கோவில் வரைக்கும் நத்தார் என்றாலே அந்தக் காலையும் சேர்ந்து வருகிற வீடுகள் உண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, சிறுபிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். யுத்தத்தில் காணாமல் போனவர்களுக்காக இன்றைக்கும் காத்திருக்கும் தாய்மார் சேர்ச்சின் முன் வாங்கிலேயே இருக்கிறார்கள். இவர்களில் பலர் மறு மாதமே ஊழியத்தில் நின்றார்கள். நிவாரணம் பிரித்தார்கள், மற்றவர்களைத் தேற்றினார்கள். தங்கள் துக்கத்துக்கு நேரம் எடுக்கவில்லை. வருடங்கள் கழித்து "ஏனோ ஜெபிக்க முடியவில்லை" என்று வருகிறார்கள்.

செய்ய வேண்டியது இது. சங்கீதம் 13ஐச் சத்தமாக வாசியுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் அது தொடங்குகிறது. பிறகு கொப்பியில் உங்கள் சொந்த "எதுவரைக்கும்" வரிகளை எழுதுங்கள். பக்தியாக எழுத முயல வேண்டாம், கோபம் இருந்தால் கோபத்தை எழுதுங்கள். கடைசியில் ஒரு துதி வரியைக் கட்டாயமாக ஒட்ட வேண்டியதில்லை. 88ஆம் சங்கீதம் இருளோடுதான் முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

எழுதியதை முதல் படியில் தேர்ந்த அந்த ஆளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு முன்கூட்டியே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: பதில் சொல்ல வேண்டாம், வசனம் காட்ட வேண்டாம், "எல்லாம் தேவ சித்தம்" என்று முடிக்க வேண்டாம். கேட்டு முடிந்ததும் ஒரு தேத்தண்ணி போட்டுத் தந்தால் போதும். துக்கத்தின் நடுவில் அவசரமாக வந்த ஆறுதல் வசனம் ஒருவரின் வாயைப் பல வருடம் அடைத்ததை நான் கண்டிருக்கிறேன்.

துக்கம் இல்லை, ஆட்களால் வந்த காயம் என்றால் வழி வேறு. கூட்டத்தில் அவமானப்படுத்திய மூப்பரோ, உங்கள் வேலைக்குத் தன் பெயர் போட்டவரோ யாராக இருந்தாலும் மத்தேயு 18:15 சொல்வதுபோல முதலில் அவரிடம் தனியே போங்கள். இங்கே வழக்கமாக நடப்பது நேர்மாறு: ஊருக்கெல்லாம் சொல்லி முடித்து, கடைசியில்தான் அவருக்குத் தெரிய வரும். ஆனால் நடந்தது தகாத தொடுதல், பணமோசடி, மிரட்டல் போன்றது என்றால் தனியே போகவே வேண்டாம். நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு மேலிடத்திடம் போங்கள், தேவையானால் பொலிசுக்கும் போங்கள்.

ஒளித்து வைத்த பாவமே ஜெபத்தை அடைக்கிறது என்று உங்களுக்கே தெரிந்திருந்தால், அதைச் சுற்றிச் சுற்றி ஓட வேண்டாம். கத்தோலிக்கருக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. மற்றவர்கள் முதிர்ந்த ஒருவரிடம் அறிக்கை செய்யலாம். ஒரு தரம் சொன்னால் போதும், வாராவாரம் சாட்சியாக மேடையில் சொல்ல வேண்டியதில்லை.

இந்துக் குடும்பத்தில் இருந்து வந்தவர்களுக்கு இன்னொரு பாரம் உண்டு. வைகாசியில் ஊரில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும்போது வீடு முழுக்க ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். அந்தத் தனிமையை விசுவாசக் குறைவு என்று எண்ணிக்கொள்வார்கள். அதையும் கொப்பியில் எழுதுங்கள். அம்மாவோடு வாதாடி அதைத் தீர்க்க முடியாது.

6. சின்னதாக, உங்களுக்கென்று மட்டும் வாசியுங்கள்

பாடம் எடுப்பதற்காக வாசிப்பதும் நமக்காக வாசிப்பதும் ஒன்றல்ல. பத்து வருடம் பிரசங்கக் குறிப்பு எடுக்கவே வேதத்தைத் திறந்தவருக்கு அந்தப் புத்தகம் ஒரு வேலைக் கருவியாகிவிடும். அதனால் வேறு பிரதி ஒன்றை எடுங்கள், அடிக்கோடு இல்லாதது. மாற்கு நல்ல தொடக்கம்: பதினாறு அதிகாரம், ஓட்டமான கதை. ஒரு நாளைக்கு ஒரு சம்பவம். பேனா வேண்டாம். "இதை ஞாயிறு சொல்லலாமே" என்று தோன்றினால் சிரித்துவிட்டு விடுங்கள்.

நேரம் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். கூட்டினால் மூன்றாம் நாள் தவறும், தவறினால் விட்டுவிடுவீர்கள். தவறிய நாளை மறுநாள் சேர்த்து வாசிக்கவும் வேண்டாம், அது கடன் கணக்காகிவிடும். காலை ஐந்து மணிக்கே எழும்ப வேண்டும் என்ற சட்டமும் இல்லை. இரவுக் கடலுக்குப் போகிறவருக்குப் பகல் பத்து மணிதான் அமைதியான நேரம்.

ஒன்றும் உணரவில்லை என்பது இந்தப் படி தோற்றதற்கு அடையாளம் அல்ல. உணர்வு கடைசியில் வரும்.

7. மூன்று நான்கு பேர் சேருங்கள்

1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஒரு கட்டடக் கடனை அடைக்க வழி தேடினார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒரு பொறுப்பாளர், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி சேர்க்கட்டும் என்று தீர்மானித்தார்கள். காசு வாங்கப் போனவர்கள் வீடுகளின் நிலையைக் கண்டார்கள். அதில் இருந்துதான் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் வகுப்புக் கூட்டங்கள் வளர்ந்தன. மெதடிஸ்தர் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தபோது அந்தப் பழக்கம் ஏற்கெனவே அவர்களுடையது. காரணம் எளியது: ஒரு சபையில் ஒருவர் வாடுவதை நூறு பேர் கவனிக்க மாட்டார்கள், பத்துப் பேர் கவனிப்பார்கள்.

உங்களுக்கு மூன்று நான்கு பேர் போதும். கேள்வியும் ஒன்றே: இந்த வாரம் உள்ளே எப்படி இருந்தது? பாட்டு, பிரசங்கம், சிற்றுண்டி எதுவும் ஏற்பாடு செய்யாதீர்கள். சிற்றுண்டி தொடங்கினால் அடுத்த வீட்டுக்காரர் அதைவிட நன்றாகச் செய்யப் பார்ப்பார், இரண்டு மாதத்தில் வறிய வீடு தானாக ஒதுங்கும். பஸ் குறைந்த படுவான்கரைக் கிராமங்களில் கிழமைக்கு ஒரு தொலைபேசி அழைப்பாகவும் இதை நடத்தலாம்.

8. பழைய வேலைக்கு முன் யாருக்கும் தெரியாத ஒரு சேவை

வெளிப்படுத்தல் 2இல் ஆதி அன்பை விட்ட எபேசு சபைக்குச் சொன்னது நினைத்துப் பார், மனந்திரும்பு, ஆதியில் செய்த கிரியைகளைச் செய் என்று. செயல் மூன்றாவதாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது. ஓய்விலேயே தங்கிவிடுவதும் ஒரு பிழைதான்.

மேடை இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வைத்தியசாலையில் ஆள் இல்லாத நோயாளிக்குச் சாப்பாடு கொண்டுபோவது, வெளிநாடு போன தாயின் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது, பார்வை மங்கிய பெரியவருக்கு வேதம் வாசிப்பது. உங்கள் மதத்தவராக இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் உதவியோடு துண்டுப் பிரசுரம் நீட்டாதீர்கள். படம் எடுக்க வேண்டாம், பேஸ்புக்கில் போட வேண்டாம், சபை அறிக்கையிலும் வேண்டாம். யாரும் பாராட்டாத வேலையை ஆறு வாரம் மனமுவந்து செய்ய முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் பழைய பொறுப்புக்குத் திரும்பலாம். முடியாவிட்டால் 3ஆம் படிக்குப் போங்கள், பெரும்பாலும் ஓய்வுதான் போதாமல் இருக்கும்.

9. திரும்பும்போது தவணை வைத்துத் திரும்புங்கள்

குறித்த திகதியில் ஐயாவிடம் போங்கள், நிலைமை முழுக்கச் சரியாகாவிட்டாலும் சொன்ன நாளில் போய்ச் சொல்லுங்கள். பொறுப்பைத் திரும்ப எடுப்பதென்றால் மூன்று காரியத்தைப் பேசிக்கொள்ளுங்கள்: ஒரு வருடத் தவணை, மாதத்தில் ஒரு ஞாயிறு விடுப்பு, கூடவே பழகும் ஓர் இளையவர். மூன்றாவதைத்தான் எல்லோரும் தவிர்ப்பார்கள், ஏனென்றால் பழக்குவதைவிடத் தானே செய்வது சுலபம். அந்தச் சுலபத்தால்தான் ஒரே ஆள் இருபது வருடம் ஹார்மோனியத்தோடு கட்டுண்டு கிடக்கிறார்.

தவணை முடியும் மாதத்தைக் கொப்பியின் முன் அட்டையில் எழுதி, மார்கழியில் முடியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வைகாசி அல்லது ஆனி நல்லது. ஒளிவிழாவுக்கு ஆறு மாதம் இருக்கும். புதிதாக வருகிறவர் வேலை பழக அது போதும்.